பூஜையில் வைத்த ஐந்தாம் பாகம்

ஜூன் 11, செவ்வாய்

டைரி எழுதினால் மனசு லேசாகும் என்று பெங்களூரிலிருந்து மகள் சொல்கிறாள். அங்கிருந்து சொல்வதெல்லாம் சுலபம். மனசு கிடக்கட்டும், கால் லேசானால் போதும் எனக்கு.

விடியுமுன் எழுந்து காய் நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் இறக்கி, இவரை எழுப்பி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். செவ்வாய், வியாழன், சனி. பிப்ரவரியிலிருந்து இதுதான் பிழைப்பு. இவருடைய சிறுநீரகம் கைவிட்ட வேலையை ஒரு மெஷின் நாலு மணி நேரம் செய்கிறது. இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. துணைக்கு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள், வெளியே இரும்பு நாற்காலிதான்.

இன்று உள்ளே மெஷின் கத்தியது. எழுந்து ஓடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், இவர் பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். ஒற்றைக் கையால் பிடிக்க முடியாமல் நழுவி, ரத்தம் ஓடுகிற டியூபின் மேல் விழுந்திருக்கிறது. டெக்னீஷியன் பெண் வினோதினி வெளியே வந்து என்னிடம் சண்டைக்கு நின்றாள்.

"அம்மா, இதென்ன புஸ்தகமா, அம்மிக்கல்லா? மெலிசா ஏதாச்சும் குடுத்தனுப்புங்க."

மெலிசாகத்தான் மகள் மூன்று புது நாவல் அனுப்பியிருந்தாள். மூன்றையும் ரசித்துத்தான் படித்தார். ரேஷன் கடையில் எடை போடும் பெண்ணைப் பற்றிய நாவல் முடிந்த அன்று, "இந்தக் காலத்துப் பசங்க நொம்ப நல்லா எழுதறாங்க" என்று ஆட்டோவில் ஈரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அதெல்லாம் தீர்ந்ததும் பழைய பாசம் வந்துவிட்டது. அது ஐந்து பாக நாவல். கடலோரத்து உப்பு வியாபாரிக் குடும்பத்தின் கதை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது சக்களத்தி. பெயரை எழுதக்கூட எரிச்சலாக இருக்கிறது. உப்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மனுஷனுக்கு உப்புக் கதை ஒரு கேடு.

ஜூன் 12, புதன்

இன்று புத்தகத்தை வெட்டினேன்.

யோசனை என்னுடையதுதான். "கனம் தாங்கலைன்னா பிரிச்சுப்போடலாமுங்க" என்று சும்மா சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஐந்து பாகத்துக்கும் வருஷா வருஷம் காலண்டர் தாளில் புது அட்டை போடுகிற ஆள். இரண்டாம் பாகத்தை இரவல் வாங்கிப் போய்க் காபிக் கறையோடு திருப்பிக் கொடுத்த என் தம்பியோடு மூன்று வருஷம் பேசாதவர். திட்டவில்லை, வழி சொன்னார்.

"முதுகுல பசைய உரிச்சீன்னா நூலு தெரியும். பதினாறு பதினாறு பக்கமாத் தச்சிருப்பான். அதுக்கு ஃபாரம்னு பேரு. நூலை மட்டும் அறு. தாளு கிழியக் கூடாது."

பிளேடை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசி குத்தும்போது கூட அப்படித் திருப்ப மாட்டார்.

ஜூன் 13, வியாழன்

நாலு ஃபாரம் கொடுத்தனுப்பினேன். மெஷின் கத்தவில்லை. ஒற்றைக் கையில் கல்யாணப் பத்திரிகையைப் போலப் பிடித்துக்கொண்டு படித்தார்.

வீட்டில் மிச்சத்தை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்றார். "இங்கயே படிச்சுப்போட்டா அங்க போயி என்ன பண்றது? நீயே எடுத்து வெச்சுக்க. அப்பப்பக் குடு."

ஜூன் 22, சனி

பக்கத்துக் கட்டிலில் அர்த்தநாரி என்று ஒருவர். திருச்செங்கோட்டுப் பக்கம். கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். இவர் படித்து முடித்த ஃபாரங்களைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். இவரும் கொடுக்கிறார்! என் தம்பி கேட்டால் மயங்கி விழுந்துவிடுவான்.

மெஷின் முடிந்து எடை பார்க்கும் இடத்தில் அர்த்தநாரி அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, கதையில வர்ற அந்த வேதகிரிங்கிறவன் இருக்கறானுங்களே, உப்புக் கிட்டங்கி ஏஜெண்டு. பல்லப் புடிச்சுப் பாக்கவே வேண்டாமுங்க. நடையிலயே தெரியுது, முட்டற மாடு."

எனக்கு எதற்கு இந்தக் கதை? தலையாட்டி வைத்தேன். படித்து முடித்த ஃபாரங்களை அண்ணன் என் கையில் கொடுத்துவிடுகிறார், பையில் போட்டுக் கொண்டுவர.

ஜூலை 2, செவ்வாய்

வெளியே நாலு மணி நேரம். ஒரு பொட்டலம் கடலை. டிவியில் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப. பையில் இருந்த ஃபாரத்தைச் சும்மா புரட்டினேன், மேலோட்டமாக. சம்பூரணம் என்ற பெண்ணை வேதகிரி சபையில் வைத்துக் கேட்கிற கேள்வி அநியாயம். அதற்கு மேல் படிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று இவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அலறிவிட்டார். வீட்டுக்கு வந்தும் காலை நீட்ட முடியவில்லை. சுடுதண்ணீர்த் துணி வைத்து ஒற்றிக்கொண்டிருந்தபோது, பேச்சை மாற்றத்தான் கேட்டேன்: "படிச்சதையே எத்தன தடவைங்க படிப்பீங்க? என்ன நடக்கும்னு தெரியுமில்ல?"

"தெரியும்ங்கிறதுக்குத்தான் படிக்கறது" என்றார். "புதுசுன்னா யாரு சாகப் போறாங்களோன்னு பயந்துக்கிட்டே படிக்கோணும். இதுல யாரு எப்பச் சாவாங்கன்னு தெரியும். அதனால அதுக்கு முன்னால அவிய பேசறத நிம்மதியாக் கேக்கலாம்."

நான் துணியைப் பிழிந்து மறுபடி வைத்தேன். இவரோடு நான் நிம்மதியாகப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று தோன்றியது.

ஜூலை 18, வியாழன்

அர்த்தநாரி அண்ணனுக்குக் காய்ச்சலாம், வரவில்லை. இரண்டாம் பாகத்தின் நடு ஃபாரங்கள் அவரிடம் மாட்டிக்கொண்டன. சனிக்கிழமை வரும்போது மறக்காமல் கொண்டுவரச் சொல்லிப் போன் செய்தேன். ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

ஆட்டோக்காரர் வழியில் ஏமாற்றப் பார்த்தார். "வேதகிரி கணக்குப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரே காவிரிக் கரையில். நாங்கள் ஆஸ்பத்திரியில்.

அர்த்தநாரி அண்ணனுக்கு இன்று முதல் ஷிஃப்ட், சீக்கிரம் முடிந்துவிட்டது. என்னைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

"அம்மிணி, நான் சொன்னன்னு ஐயாட்ட சொல்லிப்போடாதீங்க. அஞ்சு பாகத்தையும் கடைசியா ஒருக்காப் படிச்சு முடிச்சுப்போட்டு, மெஷினுக்கு வர்றத நிறுத்திக்கிறேன்னு சொல்றாருங்க. டாக்டர்கிட்டயும் பேசிப்போட்டாராம். நீங்க புஸ்தகத்த மெதுவாக் குடுங்க."

இதுதான் அவர் சொன்னது. சாயங்காலம் நானே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் மறைக்கவில்லை. நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சிப் போனால் இரண்டு. வற்புறுத்த முடியாது, அவர் தெளிவாக இருக்கிறார், வீட்டில் பேசுங்கள் என்றார்.

பேசவில்லை. எப்படிப் பேசுவது? என்னிடம் சொல்லாமல் முடிவெடுத்த மனுஷனிடம் என்ன பேசுவது? ஆத்திரமாக வருகிறது. இட்லிக்கு மாவாட்டினேன். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் அழுதேன்.

மூன்றாம் பாகம் முடியப் போகிறது. இன்னும் இரண்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று ஃபாரம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரண்டு ஃபாரம். தாள் மெலிசாக இருக்கிறதே என்று கேட்டார். பார்வை மங்குகிறது, சரியாக எண்ணவில்லை என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒரு ஃபாரத்தையே மடிப்பில் கீறி எட்டுப் பக்கமாக ஆக்கினேன். வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கிறது. முடிந்து வெளியே வந்தவர், "கோர்ட்டுல ஜட்ஜு வாயைத் தொறந்தாரு, பக்கம் தீந்துபோச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படித்த எட்டுப் பக்கத்தையே நாலு மணி நேரமும் திரும்பப் படித்தாராம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அர்த்தநாரி அண்ணன் எனக்குக் கண்ணடித்தார். கட்டிலில் ஊசியோடு கிடக்கிற மனுஷனுக்கு இந்தக் குசும்பு.

செப்டம்பர் 21, சனி

கறிவேப்பிலை வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். மகளிடம் சொல்லலாமா என்று போனை எடுத்து வைத்துவிட்டேன்.

தோணிக்கார மாசிலா கடலுக்குப் போயிருக்கிறான். புயல் அறிகுறி தெரிகிறது. அர்த்தநாரி அண்ணன் மிச்ச ஃபாரத்தைத் தரக் காணோம்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. ஐந்தாம் பாகத்தில் மிஞ்சியிருந்த ஃபாரங்களை அடுக்கி, மஞ்சள் துண்டில் கட்டி, படத்துக்கு முன்னால் வைத்தேன். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்த அதே மணையில். பூஜையில் வைத்த புத்தகத்தைப் படிக்கக் கூடாது. நாளை மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. காய் வேகவைக்கவே நேரம் சரியாக இருந்தது. மறுபூஜை போட முடியவில்லை. புத்தகம் இல்லாமல் போனார்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்றும் முடியவில்லை. "பூஜையில இருக்குதுங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வலது கை வயிற்றின் மேல் சும்மா இருந்தது. நாலு மணி நேரமும் அப்படியே.

நான் செய்வது சரிதானா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் மறுபூஜை போடவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வழக்கம்போலப் படுக்காமல் நேரே பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். மாலை காய்ந்திருந்தது. பொரியில் எறும்பு.

"சரஸ்வதிய எப்ப எழுப்பறதா உத்தேசம்?"

"நல்ல நாள் பாத்து எழுப்பறனுங்க."

"விஜயதசமிய விட நல்ல நாளு எது?"

நான் எறும்பைத் துடைத்தேன்.

"அர்த்தநாரி உன்றகிட்டச் சொல்லிப்போட்டாரா?"

அழக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தேன். உடைந்துவிட்டது. "என்றகிட்டச் சொல்லோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா? மாட்டுத் தரகருக்குத் தெரியுது, டாக்டருக்குத் தெரியுது. உங்களுக்கு ஆக்கிப் போடறவளுக்குத் தெரியக் கூடாதுங்களா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

கீழே உட்கார்ந்துவிட்டார்.

"உன்ற மொகத்தப் பாத்தாச் சொல்ல முடியல தெய்வான. எனக்கு யார் மேலயும் கோவமில்ல. நொம்பச் சலிச்சுப் போச்சு, அவ்வளவுதான். ஊசி குத்தாத ஒரு செவ்வாக்கெழமை வேணும். தாகம் எடுத்தா ஒரு சொம்புத் தண்ணி நெறையக் குடிக்கோணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை பார்த்தவர். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். எத்தனை வீட்டில் கேட்காமலே தண்ணீர் கொடுத்திருப்பார்கள். நான் அளந்த டம்ளரில் அரை டம்ளர் கொடுக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

காலையில் குளித்து, மறுபூஜை போட்டேன். கற்பூரம் காட்டினேன். மஞ்சள் துண்டை அவிழ்த்து, மிச்சம் இருந்த அத்தனை ஃபாரத்தையும் பையில் வைத்தேன். எதையும் வெட்டவில்லை. ஊசி குத்தி ஒரு கையை அவர்கள் கட்டிப்போட்டார்கள் என்றால், இன்னொரு கையை நான் கட்டிப்போட்டிருக்கிறேன். போதும்.

உடம்பு அவருடையது. இதை எழுதிவிட்டேன், ஆனால் சம்மதம் என்று என்னால் எழுத முடியாது. எனக்குச் சம்மதமில்லை.

அக்டோபர் 19, சனி

முடித்துவிட்டார். பையை என்னிடம் கொடுக்கும்போதே முகத்தில் தெரிந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்ட களை.

ஆட்டோவில் ஏறினோம். காவிரிப் பாலத்துக்கிட்டே வரும்போது திடீரென்று கேட்டார்: "நீ எதுவரைக்கும் வந்திருக்கற?"

"எதுலீங்க?"

"மூணாம் பாகத்துல பக்கத்துக்குப் பக்கம் கடலைத் தோலு கெடக்குது. அர்த்தநாரிக்குக் கடலை ஆகாது."

"சும்மா புரட்டிப் பாத்தனுங்க."

"புயலு வந்துருச்சா?"

என்னையறியாமல் தலையாட்டிவிட்டேன்.

"அப்ப மாசிலா தோணி…"

"சொல்லாதீங்க!"

நான் கத்திய கத்தலில் ஆட்டோக்காரர் பிரேக் போட்டுவிட்டார். இவர் சிரித்தார். தோள் குலுங்க, ஊசி குத்திய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு சிரித்தார். பிப்ரவரிக்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"இத்தன வருசம் இந்தக் கதையப் பேச எனக்கு ஆளே இல்ல, தெரியுமா? ஆபீஸ்ல ஒருத்தனும் படிக்கல. நீ அட்டையப் பாத்தாலே மொகத்தச் சுளிப்ப. மாசிலாவப் பத்தி, அந்தக் கடைசி உப்பளத்தப் பத்தி உன்றகிட்டப் பேசோணும். நீ முடிக்காமப் பேசுனா நல்லாருக்காது."

"அதுக்கு?"

"நீ அஞ்சையும் படிச்சு முடி. அதுவரைக்கும் மெஷினுக்கு வர்றேன். முடிச்சதும் உக்காந்து பேசலாம். அதுக்கு மேல என்னையத் தடுக்கக் கூடாது. முடிச்சுப்போட்டு முடிக்கலைன்னு பொய் சொல்லவும் கூடாது."

"சரிங்க" என்றேன். ரசத்தை எடுத்துக் குடித்தேன். அது உப்பில்லாத ரசம். இவருக்காக நானும் அதைத்தான் குடிக்கிறேன்.

முடித்துவிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். அந்த வாக்கை மீற மாட்டேன். வேகமாகப் படிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

இவர் மகள் அனுப்பிய புது நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒற்றைக் கைக்கு அடக்கமான புத்தகம். நான் வெளியே ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நாலு பக்கம் படித்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மெஷினுக்கு லீவு கிடையாது. இரண்டு பக்கம்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒரு பக்கம். அர்த்தநாரி அண்ணன் என்னைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டார். எடை பார்க்கிற இடத்தில், "அம்மிணி, அந்தத் தோணி இருக்குதுங்களே" என்று ஆரம்பித்தார். காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் ஊசிக்காக இவருடைய இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அந்த இடத்தில் நரம்பு கயிறாகத் தடித்திருக்கிறது. கை வைத்தால் உள்ளே ஓடுகிற ரத்தம் விர்ரென்று தெரியும்.

"எங்க வந்திருக்கற?"

"படகுத் துறைக்குங்க. சம்பூரணம் வந்து நிக்கறா."

"போன வாரமும் துறையிலதான நின்னா?"

"கண்ணு எரியுதுங்க. முன்ன மாதிரி எழுத்துப் பிடிபட மாட்டேங்குது."

என்னையே பார்த்தார். பிறகு கையைத் துடைக்க நீட்டினார். ஆட்டோ வந்துவிட்டது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். மழை விட்டிருக்கிறது. சம்பூரணம் ஈரப் புடவையோடு கைவிளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தூரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. அது மாசிலாவின் தோணியா, மிதந்து வருகிற கட்டையா என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. திருப்ப வேண்டும் என்று கை துடிக்கிறது. எனக்கும் தெரிய வேண்டும் சாமி, எனக்கும்தான்.

ஃபாரத்தை மூடிப் பையில் வைத்துவிட்டேன். பாவம், அவளுக்கும் கை வலிக்கும். வியாழக்கிழமை வரைக்கும் நிற்கட்டும்.